காபரேற்றருக்கு எதுவுமே தெரியாது



போன எபிசோட்டில காரின் ஈசியுவுக்குள்ள இருக்கிற எரிபொருள் அட்டவணையைப் பற்றிக் கதைச்சோம். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது எண்டு சென்சர் சொல்லும், அதுக்கு எவ்வளவு பெற்றோல் விடவேணும் எண்டு அட்டவணை சொல்லும். அதைக் கேட்டுப்போட்டு கனபேர் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறீங்கள்: "அப்ப கொம்பியூட்டரே இல்லாத காலத்துக் கார்கள் எப்பிடி ஓடினது?"

அந்த அட்டவணை அப்பவும் இருந்தது. மெமரி சிப்பில இல்லை, ஒரு பித்தளை ஊசியின் உடம்பில. இந்தக் கடிதம் அந்த ஊசியைப் பற்றியது. எஞ்சினை மாற்றிப்போட்டு ஊசியை மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும் எண்டதையும் பார்ப்பம்.

கிழமை நாட்களில் நான் கொன்ட்ராக்டில சொவ்ற்வெயர் எழுதுறவன். சனிக்கிழமைகளில 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றோட மல்லுக்கட்டுறவன். அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 1098 சிசி எஞ்சின், 48 குதிரைவலு, ஒரேயொரு காபரேற்றர். இப்ப என்னட்டை இருக்கிறதில எம்ஜி மிட்ஜெட் காரிலிருந்து கழற்றின 1275 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யு காபரேற்றர். அதோட வேகமான கம்ஷாஃப்ட், துளை பெருப்பிச்ச சிலிண்டர் ஹெட், புது எக்ஸோஸ்ட் குழாய், திறந்த காற்று வடிகட்டி. இரண்டும் ஏ-சீரிஸ் குடும்பத்து எஞ்சின்தான். ஒஸ்டின், மொறிஸ், மினி எண்டு அரை நூற்றாண்டு ஓடின குடும்பம்.

இவ்வளவையும் மாற்றினது காபரேற்றருக்குத் தெரியுமா? தெரியாது. அதுக்கு கம்ஷாஃப்ட் தெரியாது, எக்ஸோஸ்ட் தெரியாது, தாங்கியில் என்ன எரிபொருள் ஊற்றினீங்கள் எண்டும் தெரியாது. தனக்கூடாக எவ்வளவு காற்றுப் போகுது எண்டது மட்டும்தான் தெரியும். மிச்சம் எல்லாத்தையும் நாங்கள்தான் அதுக்குச் சொல்லிக்குடுக்கவேணும். ட்யூனிங் எண்டது அந்தச் சொல்லிக்குடுக்கிற வேலைதான்.

சப்பாத்துக்கடைக் குடும்பத்தின் கண்டுபிடிப்பு

எஸ்யு எண்டால் ஸ்கின்னர்ஸ் யூனியன். 1900களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் ஹேர்பேட் ஸ்கின்னர் எண்டவர் தன் சகோதரனோட சேர்ந்து உருவாக்கினது. அவர்களின் குடும்பம் லண்டனில் பேர்போன லிலி அன்ட் ஸ்கின்னர் சப்பாத்துக் கடைக் குடும்பம். அதுக்கு ஏற்றமாதிரி, அவர்களின் முதல் காபரேற்றரில் பிஸ்டன் இருக்கவில்லை, தோலில் செய்த துருத்தி ஒன்று இருந்தது. 1926இல் வில்லியம் மொறிஸ் அந்தக் கொம்பனியை வாங்கினார். அதுக்குப் பிறகு மொறிஸ், எம்ஜி, மினி எண்டு பிரித்தானியக் கார்கள் பலதில அந்த இரண்டு எழுத்தைப் பார்க்கலாம்.

மற்றக் காபரேற்றர்கள் பலதில காற்றுப் போகிற குழாயின் நடுப்பகுதி ஒடுங்கி இருக்கும். அந்த ஒடுக்கத்தின் அளவு மாறாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது அளவுக்கு மிஞ்சிப் பெரிசு, வேகமாக ஓடும்போது அளவுக்கு மிஞ்சிச் சின்னன். அதைச் சமாளிக்க ஐடிலுக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், திடீரெண்டு மிதிக்கும்போது பெற்றோல் பீச்ச ஒரு பம்ப் எண்டு ஒன்றுக்கு மேல ஒன்றாக அடுக்குவார்கள்.

எஸ்யு வேறமாதிரி யோசிச்சது. அந்த ஒடுக்கமே தன்னளவை மாற்றிக்கொள்ளட்டும்.

மேலே மணி மாதிரி ஒரு கூடு இருக்கு. அதுக்குள்ள ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஏறி இறங்கும். எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க, கூட்டுக்குள் அழுத்தம் குறைந்து பிஸ்டன் மேலே எழும்பும். எழும்பினால் காற்றுக்கு வழி பெருக்கும். பிஸ்டனின் அடியில் ஒரு கூம்பிய ஊசி தொங்குது. அது கீழே இருக்கிற ஒரு ஜெட்டுக்குள்ள இறங்கி நிற்குது. எங்கட காபரேற்றரில் அந்த ஜெட்டின் துளை 0.090 அங்குலம், அதாவது 2.29 மில்லிமீற்றர். பிஸ்டன் எழும்ப ஊசியும் எழும்பும். ஊசி கீழ்ப்பக்கம் மெல்லிசு எண்டபடியால், எழும்ப எழும்ப ஜெட்டில் இடைவெளி கூடும், பெற்றோல் கூட வரும்.

இதில எனக்குப் பிடிச்ச இடம் ஒன்று இருக்கு. காற்றைத் தள்ளுறதும் பெற்றோலை உறிஞ்சுறதும் ஒரே அழுத்த வித்தியாசம்தான். இரண்டின் ஓட்டமும் அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தோட கூடும், குறையும். ஒன்றை ஒன்றால் பிரிச்சால் அழுத்தம் வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுறது இரண்டு ஓட்டைகளின் பரப்பளவு மட்டும். காற்றுப் போகிற வழி எவ்வளவு, பெற்றோல் வருகிற இடைவெளி எவ்வளவு, அவ்வளவுதான். கலவை விகிதம் முழுக்க ஊசியின் வடிவத்தில் அடங்கிப்போச்சு.

கோட் எழுதுறவனின் கண்ணால் பார்த்தால்

ஊசிதான் அட்டவணை. எஸ்யு ஊசிகளின் தடிப்பு ஒவ்வொரு 1/8 அங்குலத்துக்கும் ஒருக்கா அளந்து எழுதப்பட்டிருக்கும். பிஸ்டன் இந்த உயரத்தில் நிற்கும்போது ஊசி இவ்வளவு தடிப்பு எண்டு ஒரு வரிசை. உண்மையிலேயே அது ஒரு அரே.

ஜெட்டுக்கு அடியில் இருக்கிற அறுகோண நட், அந்த அட்டவணை முழுவதுக்கும் கூட்டுற அல்லது கழிக்கிற ஒரேயொரு எண். நட்டை இறக்கினால் ஜெட் இறங்கும், எல்லா உயரத்திலும் பெற்றோல் கூடும். ஏற்றினால் எல்லா உயரத்திலும் குறையும். ஒரு இடத்தை மட்டும் திருத்த நட்டால ஏலாது.

பிஸ்டனுக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங், அட்டவணையின் எந்த வரியை எப்ப வாசிக்கிறது எண்டதைத் தீர்மானிக்கும். அதின் பலத்தை நிறத்தால அடையாளம் போடுவார்கள்: நீலம் 2½ அவுன்ஸ், சிவப்பு 4½, மஞ்சள் 8, பச்சை 12.

மேலே மூடியோட சேர்ந்து எண்ணெய்க்குள் இறங்கி நிற்கிற டம்பர், மாற்றத்தின் வேகத்தைக் கவனிக்கிறது. திடீரெண்டு மிதிச்சால் பிஸ்டன் துள்ளி எழும்பப் பார்க்கும். எண்ணெய் அதைப் பிடிச்சு மெதுவாக்கும். அந்தக் கணத்தில் காற்று வழி ஒடுக்கமாகவே இருக்க, உறிஞ்சல் கூடி, பெற்றோல் கொஞ்சம் அதிகமாக வரும். மற்றக் காபரேற்றர்கள் ஒரு பம்ப் வைச்சுச் செய்ததை இது இரண்டு கரண்டி எண்ணெயால செய்யுது.

இந்த நாலையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிஞ்சால் பாதி வேலை முடிஞ்சுது. கனபேர் கையில் ஸ்பனரை எடுத்தவுடனே நட்டைத்தான் திருகுவார்கள், ஏனெண்டால் அது மட்டும்தான் வெளியில் தெரியுது.

காபரேற்றரைத் தொட முதல்

பழைய கார் ஆட்கள் ஒரு பகிடி சொல்லுவினம்: காபரேற்றர் பிழைகளில் பெரும்பாலானது மின்சாரப் பிழை. பகிடி எண்டாலும் உண்மை. ஸ்பார்க் பலவீனமாக இருந்தாலும் எஞ்சின் இருமும், கலவை பிழைச்சாலும் இருமும். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரித்தான் கேட்கும். அதால ஒழுங்கு முக்கியம்.

முதலில் வால்வு இடைவெளி. சாதாரண ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு, குளிராக இருக்கும்போது 0.012 அங்குலம். கம்ஷாஃப்ட் மாற்றியிருந்தால் அதைச் செய்தவர்கள் தந்த அளவைத்தான் பாவிக்கவேணும். இரண்டாவது இக்னிஷன். பழைய லூக்கஸ் டிஸ்ரிபியூட்டரில் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம். பிறகு ஸ்ட்ரோப் விளக்கால் டைமிங் பாருங்கோ. மூன்றாவது, திருட்டுக் காற்று. மனிஃபோல்ட் காஸ்கற் ஒழுகினால் அல்லது த்ரொட்டில் கம்பி தேய்ஞ்சிருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே வரும். அறுபது வருசக் காபரேற்றரில் அந்தக் கம்பி தேயாமல் இருந்தால் அதிசயம். கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கோ, ஆட்டம் தெரிஞ்சால் முதலில் அதைத் திருத்துங்கோ.

நாலாவது, பிஸ்டன் தடையில்லாமல் விழுதா எண்டு பார்க்கிறது. காற்று வடிகட்டியைக் கழற்றி, விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கோ. "டிக்" எண்டு உலோகச் சத்தத்தோட அடியில் விழவேணும். சத்தம் வராட்டில் ஊசி ஜெட்டின் ஓரத்தில் உரசுது எண்டு அர்த்தம். ஜெட்டை மையப்படுத்தாமல் மேற்கொண்டு எதையும் செய்யாதேங்கோ.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாத்தையும் வெளியில், திறந்த இடத்தில் செய்யுங்கோ. மூடின கராஜுக்குள் ஓடுற எஞ்சின் விடுகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். ஏ-சீரிஸில் காபரேற்றரும் சூடான எக்ஸோஸ்டும் ஒரே பக்கம். பெற்றோல் சொட்டினால் நேரா அதில்தான் விழும். தீயணைக்கிற சிலிண்டர் கைக்கெட்டுற தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டையும் சமப்படுத்துதல்

எஞ்சின் நல்லாச் சூடாகினபிறகுதான் இந்த வேலை. தொடக்கத்துக்கு இரண்டு ஜெட்டையும் மேலே முட்டும்வரை ஏற்றி, பிறகு நட்டை இரண்டு முழுச் சுற்று இறக்குங்கோ. நட்டுக்கு ஆறு பக்கம், ஆகவே பன்னிரண்டு பக்கம். இரண்டு காபரேற்றருக்கும் ஒரே கணக்கு.

அடுத்தது காற்று. இரண்டு த்ரொட்டிலையும் இணைக்கிற கம்பியின் பிடிகளைத் தளர்த்துங்கோ. அப்பதான் ஒன்றைத் தொட மற்றது அசையாது. பிறகு இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கும்வரை ஐடில் ஸ்குரூக்களைத் திருப்புங்கோ. அளக்கிற மீற்றர் மலிவாகக் கிடைக்கும். இல்லாட்டில் அரை மீற்றர் ரப்பர் குழாய் ஒன்று போதும். ஒரு முனையைக் காதில் வைச்சு, மறுமுனையைக் காபரேற்றரின் வாயருகே பிடிச்சால் "ஸ்ஸ்ஸ்" சத்தம் கேட்கும். இரண்டிலும் ஒரே சுருதி வரவேணும்.

அதுக்குப் பிறகு கலவை. காபரேற்றரின் பக்கத்தில் சின்ன ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். அதை மெல்ல மேலே தள்ளி, பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கோ. எஞ்சின் வேகம் கூடி, கூடினபடியே நிண்டால் பெற்றோல் அதிகம். உடனே விழுந்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பிறகு பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒருக்கா நட்டின் ஒரு பக்கம் மட்டும் திருப்பி, திரும்பப் பாருங்கோ. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் கொஞ்சம் மாறும், அதால இரண்டு மூன்று சுற்று வரும்.

இதுக்கெல்லாம் சென்சரே தேவையில்லை. சின்னதாக ஒரு குழப்பத்தை உண்டாக்கி, சிஸ்டம் எப்பிடிப் பதில் சொல்லுது எண்டு பார்க்கிறம். நாங்கள் டெஸ்ட் எழுதுறதும் அதேமாதிரித்தானே.

ஐடிலில் சரி எண்டால் எல்லாம் சரியா?

இங்கதான் ஆபத்து இருக்கு. மேலே செய்தது எல்லாம் அட்டவணையின் முதல் வரியை மட்டும் சரிபார்த்தது. பிஸ்டன் அடியில் நிற்கும்போது கலவை சரி. மற்ற வரிகள்?

சாதாரண எஞ்சினுக்கு அந்தக் கவலை இல்லை. தொழிற்சாலை அந்த எஞ்சினுக்கெண்டே ஊசியைத் தெரிவு செய்திருக்கும். முதல் வரி சரியாக வந்தால் மிச்சமும் தானாகப் பொருந்தும். ஆனால் கம்ஷாஃப்டையும் எக்ஸோஸ்டையும் காற்று வடிகட்டியையும் மாற்றின எஞ்சின் காற்றை வேறமாதிரி இழுக்கும். அந்த ஊசி இப்ப வேற யாருக்கோ எழுதின அட்டவணை.

என்ர காரை முதலில் ஒரு கராஜ் ட்யூன் பண்ணித் தந்தது. ஐடிலில் புகையை அளந்தார்கள், நம்பர் வடிவாக வந்தது, பில்லைத் தந்தார்கள். கார் ஐடிலில் பூனை மாதிரி உறுமினது. ஆனால் மோட்டர்வேயில் மேடு ஏறும்போது முழுக்க மிதிச்சால், ஏதோ ஒரு இழுவை குறைவு. வெப்பமானியும் கொஞ்சம் ஏறும்.

எக்ஸோஸ்ட் குழாயில் ஒரு துளை போட்டு, வைட்பான்ட் ஒட்சிசன் சென்சர் ஒன்று பூட்டினன். புதுக் கார்களில் இருக்கிற அதே வகைச் சென்சர்தான். அது லம்டா எண்ட எண்ணைத் தரும். இருக்கிற பெற்றோல் முழுக்க எரிய எவ்வளவு காற்று வேணுமோ அவ்வளவு இருந்தால் 1.00. அதுக்கு மேலே போனால் பெற்றோல் குறைவு, கீழே வந்தால் பெற்றோல் அதிகம். இப்பிடியான எஞ்சினுக்கு, ஒரே வேகத்தில் சும்மா ஓடும்போது 1.00 அண்டி இருக்கலாம். முழுக்க மிதிக்கும்போது 0.88 அளவில் இருக்கவேணும். அந்த மேலதிக பெற்றோல் வலுவையும் தரும், எரிகிற அறையைக் குளிராகவும் வைச்சிருக்கும்.

லப்டொப்பை பக்கத்து சீற்றில் நண்பன் பிடிச்சிருக்க, வெறிச்சோடின ரோட்டில் ஓடி லொக் எடுத்தம். ஐடிலில் 0.90. நல்லது. முழு மிதியில், 4500 சுற்றில், 1.00.

இது சின்ன விசயம் இல்லை. முழுச் சுமையில் பெற்றோல் குறைஞ்சால் எரிதல் சூடாகும், நேரத்துக்கு முன்னமே வெடிக்கத் தொடங்கும். அலுமினியப் பிஸ்டன் அதைக் கனநேரம் தாங்காது. ஓரம் உருகும், அல்லது நடுவில் ஓட்டை விழும். ஐடிலில் வடிவாக நிற்கிற கார், மேட்டில் தன் எஞ்சினைத் தானே எரிச்சுக்கொண்டிருக்கும். காதுக்கும் பெரிசாக ஒன்றும் தெரியாது.

நட்டை இறக்கினால் சரிவருமா? முழு மிதியில் சரிவரும், ஆனால் ஐடிலில் பெற்றோல் நிரம்பி வழியும். பிளக் கறுக்கும், சிலிண்டர் சுவரில் இருக்கிற எண்ணெயைப் பெற்றோல் கழுவிப்போடும். அட்டவணையின் ஒரு வரி பிழை எண்டதுக்காக எல்லா வரிக்கும் ஒரே எண்ணைக் கூட்டுறது திருத்தம் இல்லை. ஊசியைத்தான் மாற்றவேணும்.

ஒரு தலைமயிரின் கணக்கு

இனிக் கணக்கு. முழு மிதியில் பிஸ்டன் நிற்கிற உயரத்தில் பழைய ஊசியின் தடிப்பு 0.070 அங்குலம், அதாவது 1.778 மில்லிமீற்றர் எண்டு வைப்பம். ஜெட் துளையின் பரப்பளவு 4.10 சதுர மில்லிமீற்றர். ஊசி அடைக்கிறது 2.48. மிஞ்சுற வளைய இடைவெளி 1.62. அதாலதான் பெற்றோல் வருது.

1.00இலிருந்து 0.88க்கு வர, பெற்றோல் 14 வீதமளவில் கூடவேணும். இடைவெளி 1.62இலிருந்து 1.84 ஆகவேணும். அப்ப ஊசி அடைக்க வேண்டியது 2.26. அதின் விட்டம் 1.696 மில்லிமீற்றர்.

வித்தியாசத்தைப் பாருங்கோ: 0.08 மில்லிமீற்றர். கிட்டத்தட்ட ஒரு தலைமயிரின் தடிப்பு. பிஸ்டன் உருகுறதுக்கும் உருகாமல் இருக்கிறதுக்கும் இடையில் இருக்கிறது அவ்வளவுதான்.

இதை ஒவ்வொரு உயரத்துக்கும் செய்தால், எனக்குத் தேவையான ஊசியின் முழு வடிவமும் கிடைக்கும். எஸ்யு காலங்காலமாக நூற்றுக்கணக்கான ஊசி வகைகளைச் செய்திருக்கு. ஒவ்வொன்றின் அளவும் அட்டவணையாகக் கிடைக்குது. சோல்ஸ்பெரியில் இருக்கிற பேர்லன் கொம்பனி இப்பவும் புது ஊசி விற்குது. முப்பது வரி பைதன் எழுதி, என்ர தேவைக்குக் கிட்ட வருகிற ஊசிகளை வரிசைப்படுத்தினன். மேலே வந்த இரண்டை வாங்கி, ஒவ்வொன்றாகப் போட்டு ஓடிப் பார்த்தன். இரண்டாவது பொருந்தினது. முழு மிதியில் 0.87, ஐடில் அசையவில்லை.

பூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கோ. ஊசியின் தோள் பிஸ்டனின் அடித்தளத்தோட சமமாக இருக்கவேணும். கொஞ்சம் இறங்கி நிண்டாலும் முழு அட்டவணையும் ஒரு பக்கம் நகர்ந்துபோகும். இரண்டு காபரேற்றரிலும் ஒரே ஊசி, ஒரே ஸ்பிரிங், ஒரே எண்ணெய்.

கடைசியாக டம்பர். திடீரெண்டு மிதிக்கும்போது மட்டும் ஒரு கணம் தயங்கினால், அது ஊசியின் பிழை இல்லை. எண்ணெய் இருக்கா எண்டு பாருங்கோ. 20ஆம் நம்பர் எண்ணெயிலிருந்து தொடங்குறது வழமை. தயக்கம் போகாட்டில் கொஞ்சம் தடிப்பான எண்ணெயைப் போட்டுப் பார்க்கலாம்.

எரிபொருள் மாறினால்

2021 செப்டெம்பரில் பிரித்தானியாவில் சாதாரண பெற்றோல் ஈ10 ஆனது. அதாவது பத்து வீதம்வரை எத்தனோல். எத்தனோலுக்குள்ளேயே ஒட்சிசன் இருக்கு. அதால சுத்தப் பெற்றோலில் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்றுத் தேவை எண்டால், ஈ10க்கு 14.1 போதும். காபரேற்றருக்கு இது தெரியாது. அது பழைய கணக்கில் அளந்து விடும், கலவையில் பெற்றோல் நாலு வீதமளவில் குறைஞ்சுபோகும். புதுக் காரின் ஈசியு சென்சரைப் பார்த்துத் தானே திருத்தும். ஊசி திருத்தாது. பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனோல் அரிக்கும் எண்டபடியால், பழைய காருக்கு ஈ5 சூப்பர் பெற்றோலை ஊற்றுறது நல்லது.

எரிபொருள் மாறின கதையில் எங்கட ஆட்களுக்கு நாலு வீதம் ஒன்றுமே இல்லை. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த நேரம் பெற்றோல் இல்லை. ஏ40யும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாக மண்ணெண்ணெய்க்கு மாறுவினம். உங்கட வீட்டில் அம்மா அப்பா இதைச் சிரிச்சுக்கொண்டு சொல்லியிருப்பினம். நாங்களும் ஊர்ப் புதினம் எண்டு கேட்டிட்டுப் போயிருப்பம்.

இப்ப உங்களுக்கு அதின் உள்விசயம் விளங்கும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதாலதான் ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் வேணும். சூடான மனிஃபோல்ட் அதை ஆவியாக்கும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு, கெதியா முட்டத் தொடங்கும். ஆனால் 1950களின் எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7 அளவில்தான், அதால ஓரளவு தாங்கினது. என்ர எஞ்சின் மாதிரி 9க்கு மேலே போனது தாங்காது. அதோட, ஜெட்டும் ஊசியும் எதைக் கொடுத்தாலும் அளந்து விடும், இது பெற்றோல் இல்லை எண்டு நிண்டுபோகிற புத்தி அதுக்கு இல்லை. இங்கிலாந்திலும் இதே முறை இருந்தது. ஃபேர்கசன் டிராக்டரின் ஒரு வகையைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருளுக்கு மாற்றுவார்கள். இங்க அதுக்கெண்டே செய்த டிராக்டரும் கையேடும் இருந்தது. அங்க மெக்கானிக்மார் கையில் கிடைச்சதை வைச்சு, காதாலும் மூக்காலும் கண்டுபிடிச்சார்கள். லம்டா சென்சர் இல்லை. புகையின் நிறம்தான் அவர்களின் லொக்.

சராசரி மறைக்கிறது

ஒரு கடைசி எச்சரிக்கை, டேட்டாவை நம்புற எங்களுக்காக. ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு நாலு சிலிண்டர், ஆனால் காற்று நுழைய இரண்டே வாசல். 1உம் 2உம் ஒன்றைப் பகிரும், 3உம் 4உம் மற்றதை. சிலிண்டர்கள் எரிகிற ஒழுங்கு 1-3-4-2. அதால ஒரு வாசலில் இரண்டு சிலிண்டர் அடுத்தடுத்து இழுத்துப்போட்டு, பிறகு நீண்டநேரம் சும்மா இருக்கும். முதல் இழுக்கிறதுக்கும் அடுத்து இழுக்கிறதுக்கும் ஒரே கலவை கிடைக்காது. சென்சர் எக்ஸோஸ்டில் நாலும் சேர்ந்த இடத்தில் இருக்கு. அது சொல்லுறது சராசரி. 0.88 எண்டு காட்டும்போது ஒரு சிலிண்டர் 0.84இலும் இன்னொன்று 0.92இலும் இருக்கலாம்.

அதால லொக் எடுத்தபிறகும் நாலு பிளக்கையும் கழற்றிப் பாருங்கோ. மண்ணிறமாக இருந்தால் நல்லது, வெள்ளையாக வெளிறியிருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பெற்றோல் போதாது, கறுத்திருந்தால் அதிகம். எது ஆகக் குறைவோ அதை வைச்சுத்தான் ஊசியைத் தீர்மானிக்கவேணும், சராசரியை வைச்சு இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கோ. மாற்றினதைத் திகதியோட எழுதி வையுங்கோ: எந்த ஊசி, நட்டில் எத்தனை பக்கம், என்ன எண்ணெய், என்ன பெற்றோல், அன்றைக்கு எவ்வளவு குளிர். என்ர கார் டாஷ்போர்டில் ஒரு ரூல்ட் கொப்பி இருக்கு. அதுதான் அந்த எஞ்சினின் கொமிட் ஹிஸ்டரி.

அடுத்த எபிசோட்டுக்கு, மண்ணெண்ணெயில் கார் ஓட்டின அல்லது அதைத் திருத்தின ஆட்களின் குரல்களைச் சேர்க்கப் பார்க்கிறம். உங்கட வீட்டில், சொந்தத்தில் அப்பிடி ஆராவது இருந்தால் போனில் பதிவு செய்து அனுப்புங்கோ. "அப்ப கஷ்டமா இருந்ததா?" எண்டு மட்டும் கேட்காதேங்கோ. ஜெட்டை என்ன செய்தனீங்கள், டைமிங்கைப் பின்னுக்கு வைச்சனீங்களா, பிளக் எத்தனை நாளைக்கு நிண்டது எண்டு கேளுங்கோ. அந்தக் கேள்விக்கு அவையளிட்டை நல்ல நீளமான பதில் இருக்கும்.